சாமிக்கு முன்னே எடுத்து வைத்த தட்டு

மரகோஜிபே,
15 அக்டோபர் 1978

என் தம்பி ஜுவெனலுக்கு,

இரட்டைப் பிள்ளைச் சாமிகள் கோஸ்மேயும் டமியாவோவும் உனக்கு இடமும் வலமுமாக நின்று காக்கட்டும். சாவோ பாவுலோ போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் கால் வீங்கியதா? நான் சுகம். முழங்கால் வலி அது பாட்டுக்கு இருக்கிறது.

‘தம்பி’ என்று படித்ததுமே உனக்கு மூக்கு விடைத்திருக்கும். கால் மணி நேரம் முன்னால் பிறந்துவிட்டு நீ அண்ணன் என்கிறாய். உள்ளே சொகுசாகப் படுத்திருந்த மூத்தவள் நான்தான். “போய் வெளியில எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா”ன்னு உன்னை அனுப்பினேன். நீ அழுத அழுகையைக் கேட்டு, ஒன்றும் பெரிதாக இல்லை போலிருக்கிறது என்று நிதானமாக வந்தேன்.

சரி, எதையோ சொல்ல வந்து எங்கேயோ போகிறேன். நீ இத்தனை வருஷம் கழித்து ஊருக்கு வந்ததைப் பற்றித் தெருவே பேசிக்கொண்டிருக்கிறது. அந்த முழு வெண்டைக்காயைப் பற்றியும்தான். உனக்கு மறந்திருக்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இரட்டைப் பிள்ளை பிறந்த வீடு என்று நம் வீட்டில் வருஷா வருஷம் செப்டம்பர் இருபத்தேழாம் தேதி சாமிகள் பேரில் வெண்டைக்காய்க் கருரு விருந்து போடுகிறோம். மலை மாதிரி வெண்டைக்காய் நறுக்கினாலும் சிலதை நறுக்காமல் முழுசாகப் போடுவோம். அது யார் தட்டில் விழுகிறதோ அவர் மறு வருஷம் கருரு போட வேண்டும். உன் தட்டில் விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நீ மட்டும் தட்டில் பல்லி விழுந்த மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அது தானாக விழவில்லை. நான்தான் வைத்தேன். சோற்றுக்கு அடியில். பக்கத்து வீட்டு ஃபிலோ பார்த்துவிட்டாள்.

“அடியே ஜசீரா, சாமி செய்யிற வேலைய நீ செய்யிறியே!”

“அவங்க ரெண்டு பேரும் சின்னப் பசங்க, கை எட்டாது. நான் எடுத்துக் குடுத்தேன்” என்றேன்.

இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் நீ வரமாட்டாய். சாமிக்குக் கடன்பட்டால் வருவாய். அடுத்த செப்டம்பரில் நீ இங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. கருருவை நான் சமைக்கிறேன், நீ வீட்டுக்காரன் மாதிரி வாசலில் நின்றால் போதும்.

இன்னொன்று. வாசல் மேசையில் ஜாடி நிறைய ஜெனிபாப்போ பழ மது ஊறப்போட்டு வைத்திருந்தேன். ஒரு சொட்டு தொடவில்லை நீ. “வயிறு சரியில்ல” என்றாய். வயிறு சரியில்லாதவன் கருருவை மூன்று தட்டு சாப்பிடுவானா?

சாமிகள் துணை. பதில் எழுது.

உன் அக்கா,
ஜசீரா

*

சாவோ பாவுலோ,
26 நவம்பர் 1978

அன்புள்ள தங்கச்சி ஜசீராவுக்கு,

கடவுள் அருளால் நான் சுகம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. தெருவில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். ஃபிலோவை இரண்டு தடவை கேட்டதாகச் சொல், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

காவல்காரன் வேலை அப்படியேதான். வாசலில் நாற்காலி, மேலே பதினோரு மாடி. மத்தியானம் ஆனால் லிப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு மாடியின் சமையல் வாசமும் கீழே இறங்கி வரும். பூண்டு, பொரித்த மாட்டிறைச்சி, இத்தாலிக்காரர் வீட்டுத் தக்காளி. நம் ஊர்ச் செம்பனை எண்ணெய் வாசம் மட்டும் இதுவரை ஒரு நாளும் இறங்கி வந்ததில்லை.

இங்கே சந்தையில் வெண்டைக்காய் பென்சில் மாதிரி முற்றிப்போய் விற்கிறார்கள். நுனியை ஒடித்துப் பார்த்தால் கடைக்காரன் முறைக்கிறான்.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
ஜுவெனல்

*

மரகோஜிபே,
14 ஜனவரி 1979

என் தம்பிக்கு,

சாமிகள் கோஸ்மேயும் டமியாவோவும் உன்னோடு இருக்கட்டும். நான் சுகம். ஒத்தடம் கொடுத்தேன், சூடு பட்டதுதான் மிச்சம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வெண்டைக்காய் முற்றலாக விற்பதை எழுதியிருக்கிறாய், உன் தட்டில் விழுந்த வெண்டைக்காயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதோடு, நம் வீட்டில் யார் கடிதம் எழுதினாலும் தலைமாட்டில் சாமிகள் பேர் இருக்கும். உன் கடிதத்தில் இல்லை. பேனாவில் மை குறைவா? ஃபிலோவிடம் சொன்னேன்.

“பட்டணத்துல எல்லாம் அவசரம்டி. சாமி பேரே ரெண்டு. எழுதி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸு போயிடும்” என்றாள்.

அவள் சொன்னதும் சிரித்துவிட்டேன். ஆனாலும் மனசில் ஒரு மூலையில் அது கிடக்கிறது.

போன வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கக் கூப்பிட்டார்கள். மணப்பெண்ணின் அத்தை கேட்டாள், “யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?” நான் என்ன சொல்வேன்? நம் அம்மா நாள் முழுக்கச் சுருட்டு சுற்றிவிட்டு வருவாள், அவள் வைக்கிற பயறுகூடப் புகையிலை வாசம் அடிக்கும். உனக்கு ஞாபகம் இருக்கும். நான் விருந்து வீடுகளில் பாத்திரம் கழுவப் போய்க் கற்றவள். அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டும்போது தெரிந்துவிடும், இவள் முந்திரியை வறுத்து அரைத்தாள், இவள் சோம்பேறி, பச்சையாகவே அரைத்துவிட்டாள், இவள் தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்துவிட்டு அரட்டைக்குப் போய்விட்டாள் என்று. பானைகள் பொய் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து நான் செய்து பார்ப்பேன். கருகினதையெல்லாம் தின்றது நீதான். அதனால் என் சமையலுக்கு குரு யார் என்றால் பாதி அந்தப் பானைகள், பாதி உன் வயிறு.

இப்போது யாருக்குச் சமைத்தாலும் அந்த வயிறு இல்லை. எல்லாரும் “நல்லா இருக்கு” என்கிறார்கள். நீதான் “போன தடவை இதைவிட நல்லா இருந்துச்சு” என்பாய்.

செப்டம்பருக்கு விடுப்பு எப்போது கேட்பாய்?

உன் அக்கா,
ஜசீரா

*

சாவோ பாவுலோ,
4 மார்ச் 1979

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக. நான் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

வடக்கேயிருந்து வந்த ஒருவர் கடை போட்டிருக்கிறார். செம்பனை எண்ணெயும் புகை போட்ட இறாலும் அங்கே கிடைத்தது. பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரர், “என்ன ஐயா, வாங்குறீங்களா, இல்ல மோந்து பாத்தே பசியாறிட்டுப் போறீங்களா?” என்றார்.

வாங்கி வந்து வெண்டைக்காய் செய்து பார்த்தேன். கொழகொழவென்று நூல் விட்டது. எங்கே தப்பு? சாதாரணமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எப்படிச் செய்வது என்று எழுது. விசேஷம் எதுவும் வேண்டாம், வெறும் சமையல் போதும்.

உன் அண்ணன்,
ஜுவெனல்

*

மரகோஜிபே,
25 மார்ச் 1979

என் தம்பிக்கு,

சாமிகள் இருவரும் உன் அடுப்பைக் காக்கட்டும். என் சுகத்துக்கு என்ன குறை! உன் கடிதம் வந்ததிலிருந்து முழங்கால்கூட வலிக்கவில்லை. நீ சமைக்கிறாய்! ஃபிலோ நம்பவில்லை. “முட்டையை வேக வெச்சு அதையும் கருக்குனவனா?” என்று கேட்கிறாள்.

நூல் விட்டது என்றால் காயைக் கழுவிய ஈரத்தோடு நறுக்கியிருக்கிறாய். கழுவினதும் துணியால் ஒவ்வொன்றாகத் துடை, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. நுனியிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக்கொண்டு பிறகு பொடியாக நறுக்கு. இறாலையும் வறுத்த முந்திரியையும் நிலக்கடலையையும் வெங்காயம், பூண்டு, இஞ்சியோடு அரை. செம்பனை எண்ணெயில் அந்த விழுதை முதலில் வதக்கு. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்போது காயைப் போட்டு எலுமிச்சை பிழி. மரக்கரண்டியால் கிளறு. உள்ளே விதை வெள்ளையாக இருக்கிறவரை வேகவில்லை. விதை இளஞ்சிவப்பாக, வெட்கப்பட்ட மாதிரி மாறினால் இறக்கிவிடு.

உப்பு மட்டும் நான் சொல்ல முடியாது. என்னிடம் அளவு கிடையாது. சாமிக்குப் படைக்காமல் ஒரு சொட்டு நான் நாக்கில் வைத்ததில்லை, உனக்கே தெரியும். ஆவியை முகர்ந்து போடுவேன். முதலில் சாமிகள், பிறகு சாமிகள் பேரில் அழைத்ததும் வந்து தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தொட்டியில் கை போடுகிற அந்த ஏழு பையன்கள், அதற்கப்புறம்தான் நாம். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் உப்பு சரியா என்று எனக்குத் தெரியும்.

விசேஷம் வேண்டாம், வெறும் சமையல் போதும் என்று ஏன் எழுதினாய்? ஒத்திகை பார்க்கிறாயா? நல்லது. செப்டம்பரில் கிளறுகிற வேலையை உனக்கே தருகிறேன். விடுப்பு கேட்டாயா?

உன் அக்கா,
ஜசீரா

*

மரகோஜிபே,
27 ஜூன் 1979

என் தம்பிக்கு,

சாமிகள் துணை இருக்கட்டும். சுகமா? மூன்று மாசமாகக் கடிதம் இல்லை. கருரு சரியாக வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அதற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

புனித யோவான் திருநாள் முடிந்தது. வாசலில் நெருப்பு மூட்டினோம். சோளம் சுட்டோம். மழை வந்து பாதியில் அணைத்துவிட்டது. படகுக்காரர் மகன் ஆரெலினோ சாவோ பாவுலோவிலிருந்து திருநாளுக்கு வந்திருந்தான். எங்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஃபிலோதான் கேட்டாள்.

“எங்க ஜுவெனலைப் பாத்தியா?”

“பாத்தேன் சித்தி. ஞாயித்துக்கிழமை காலையில. கோட்டு, டை எல்லாம் போட்டு, கக்கத்துல கறுப்பா ஒரு புஸ்தகம். மந்திரி மாதிரி போயிட்டிருந்தாரு. நான் கூப்பிட்டேன், கேக்கல.”

ஃபிலோ என்னைப் பார்த்தாள். நான் சோளத்தைத் திருப்பிப் போட்டேன்.

“யாருக்காவது கல்யாணமா இருக்கும்” என்றேன்.

“கல்யாணத்துக்கு எவன்டி புஸ்தகம் கொண்டு போறான்?” என்றாள் அவள். பிறகு என்ன நினைத்தாளோ, பேச்சை மாற்றி, நீ எப்போது கல்யாணம் செய்துகொள்வாய் என்று ஆரெலினோவைப் பிடித்துக்கொண்டாள்.

யாருக்குக் கல்யாணம், ஜுவெனல்? அன்று என்ன சாப்பாடு போட்டார்கள்? அதை மட்டுமாவது எழுது.

உன் அக்கா,
ஜசீரா

*

சாவோ பாவுலோ,
22 ஜூலை 1979

அன்புள்ள ஜசீரா,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. உடம்பு நன்றாக இருக்கிறது.

கல்யாணம் இல்லை. அது உனக்கும் தெரியும். இதை எழுத உட்கார்ந்து எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் குடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாரும் குடிக்கிற மாதிரி இல்லை. காலையில் வாசல் கதவைத் திறக்கக் கை நடுங்காமல் இருக்கவே குடிக்க வேண்டியிருந்தது. உனக்கு நான் எழுதாத வருஷங்களில் பாதியை எங்கே கழித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் லிப்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தேன். எல்லாரும் தாண்டிப் போனார்கள். குப்பை அள்ள வருகிற ஒருவர் மட்டும் தூக்கி உட்கார வைத்தார். அவர்தான் சபைக்குக் கூட்டிப் போனார். அன்று விட்டது குடி.

கொஞ்சம் மனுஷனாக ஆன பிறகு உன் முகத்தில் முழிக்கலாம் என்று ஊருக்கு வந்தேன். டிசம்பரில் ஞானஸ்நானம் என்று நாள் குறித்திருந்தது. அதற்குப் பிறகு உருவத்துக்குப் படைத்த எதையும் நான் தொடக்கூடாது. அதனால்தான் மூன்று தட்டு சாப்பிட்டேன். கடைசித் தடவை என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாவது தட்டில் அந்தக் காய். சாமிகளே கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று நடுங்கிப்போனேன். பிறகு உன் கடிதம் வந்தது, நீதான் வைத்தாய் என்று. உன் பிடியை உதறுவது அதைவிடக் கஷ்டம்.

நான் கருரு போட முடியாது, ஜசீரா. ஒரு செங்கல்லை உருவினால் சுவர் முழுக்க இடிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

நீ சொன்ன மாதிரி துடைத்துவிட்டு நறுக்கினேன். நூல் விடவில்லை. விதையும் சிவந்தது. ஆனால் தனியாகச் சாப்பிட்டேன். உன்னுடையது மாதிரி இல்லை.

ஜுவெனல்

*

மரகோஜிபே,
2 செப்டம்பர் 1979

ஜுவெனல்,

சுகமாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அது போதும்.

உன் கடிதத்தை உறையோடு அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். ஒரு வாரம் அரிசியே எடுக்கவில்லை, மரவள்ளி மாவுதான். முதலில் உன் சபை மேல் கோபம் வந்தது. நம் அம்மா உன்னையும் என்னையும் பெற்று உயிர் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்ட சாப்பாட்டை, தொடக்கூடாது என்று சொல்ல அவர்கள் யார் என்று. பிறகு நீ விழுந்து கிடந்தது ஞாபகம் வரும். நீ விழுந்து கிடந்த அந்த நாளில் நான் என்ன சமைத்துக்கொண்டிருந்தேன் என்று யோசிக்கிறேன். என்னவோ ஒன்றை வறுத்துக்கொண்டு, வாசம் நன்றாக வந்தது என்று சந்தோஷமாக இருந்திருப்பேன். அதை நினைத்தால் கோபம் போய்விடுகிறது. உன்னைத் தூக்கி உட்கார வைத்தவர் இங்கே வந்தால் அவர் காலைக் கழுவி உட்கார வைத்துச் சோறு போடுவேன். அவரும் நான் படைத்ததைச் சாப்பிடமாட்டார், அதுதான் சிக்கல்.

காய் வந்த தட்டுக்காரன் கருரு போடாமல் விட்டால் சாமிகள் விளையாட்டுக் காட்டிவிடுவார்கள். வைத்தவள் நான். அதனால் உன் பேரில் நான் போடுகிறேன். ஒரு வயிற்றில் இருந்தவர்கள், ஒருத்தர் கடனை ஒருத்தர் தீர்க்கலாம். நீ எதுவும் செய்ய வேண்டாம்.

ஆனால் வா. உனக்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். பானையை இறக்கினதும் முதல் தட்டு உனக்கு எடுத்துவிடுகிறேன். சாமிக்குப் படைக்கும் முன்னே. அப்போது அது யாருக்கும் படைத்தது இல்லை. வெறும் சமையல். நீ கேட்டாயே, அதுதான்.

ஃபிலோவிடம் சொன்னேன். கையில் இருந்த கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

“சாமிக்கு முன்னாடி மனுஷனுக்கா? உனக்கு மூளை கீளை பிசகிடுச்சா?”

“அவங்களும் இரட்டைதானே ஃபிலோ. ஒருத்தன் இல்லாம ஒருத்தன் சாப்பிட்டிருப்பானா? அவங்களுக்குப் புரியும்.”

“அவங்களுக்குப் புரியும். ஊருக்குப் புரியணுமே!”

“ஊர் வெண்டைக்கா நறுக்கட்டும்” என்றேன்.

இப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வயசில் ஒரு தடவைகூட இப்படிச் செய்ததில்லை. உனக்காகச் செய்கிறேன். வா.

உன் அக்கா,
ஜசீரா

*

சாவோ பாவுலோ,
16 செப்டம்பர் 1979

அன்புள்ள ஜசீரா,

கடவுள் உன்னைக் காக்கட்டும். உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன்.

விடுப்புக் கேட்டிருக்கிறேன். தருவார்கள் போலத் தெரிகிறது.

ஜுவெனல்

*

மரகோஜிபே,
30 செப்டம்பர் 1979

தம்பி,

நீ சுகமாக இருக்க வேண்டும். அதைத்தான் முதலில் எழுதத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. முதல் நாளே தெருப் பெண்கள் எல்லாரும் வந்து காய் நறுக்கினார்கள். ஃபிலோவும் வந்தாள். வாயைத் திறக்காமல் நறுக்கினாள், அவள் வாழ்நாளில் அது முதல் தடவை. பானையை இறக்கினேன். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு உன் தட்டை எடுத்தேன். முதல் கரண்டியை அதில் போட்டேன். வெள்ளைத் துணி போட்டு மூடி, சாமி மாடத்துக்கு முதுகைக் காட்டி ஜன்னல் ஓரமாக வைத்தேன். பிறகுதான் சாமிகளுக்குப் படைத்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பையன்கள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முழங்கை வரை எண்ணெய். நான் மத்தியான பஸ்ஸுக்குச் சதுக்கத்துக்குப் போனேன். நீ இல்லை. சாயங்கால பஸ்ஸுக்கும் போனேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னார், “சாவோ பாவுலோ ஆளு யாரும் ஏறலம்மா. நான் நல்லா பாத்துட்டேன்.”

வீட்டுக்கு வந்தேன். பாட்டும் கைதட்டலுமாக இருந்தது. எல்லாரும் உப்பு அளவாக இருக்கிறது என்றார்கள். எல்லாரும் போன பிறகு உன் தட்டைத் திறந்தேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. சாமிக்கு முன்னே எடுத்ததை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். சாமிகள் தொடாத சாப்பாட்டை நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அதே பானைதான். ஆனால் உப்பே இல்லாத மாதிரி இருந்தது.

ஜசீரா

*

சாவோ பாவுலோ,
21 அக்டோபர் 1979

அன்புள்ள ஜசீரா,

சமாதானம் உண்டாவதாக. நான் சுகம். இன்றைக்கும் குடிக்கவில்லை.

விடுப்புக் கிடைத்தது. டிக்கெட்டும் எடுத்தேன். உனக்கு அந்தக் கடைக்காரரிடம் புகை போட்ட இறால்கூட வாங்கினேன், கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிற மாதிரி. பஸ் நிலையம் வரை போனேன். பஸ் வந்து நின்று, பெட்டிகளையெல்லாம் ஏற்றினார்கள்.

நான் சாமிகளுக்குப் பயப்படவில்லை. உன் தட்டுக்கும் பயப்படவில்லை. நீ அப்படி எடுத்து வைப்பாய் என்று படித்தபோதே அழுதுவிட்டேன், சபையில் யாருக்கும் தெரியாமல் வந்து சாப்பிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். எனக்குப் பயமெல்லாம் வாசல் மேசையில் இருக்கிற அந்தப் பழ மது ஜாடியைக் கண்டுதான். போன வருஷம் ஐந்து நாளும் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். கழிப்பறைக்குப் போகவும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐந்தாவது நாள் மூடியில் கை வைத்துவிட்டேன். நீ அப்போது உள்ளேயிருந்து, “டேய், வாழைக்கா பொரிச்சிருக்கேன், வா” என்று கூப்பிட்டாய். அதனால் பிழைத்தேன். இந்தத் தடவையும் நீ சரியான நேரத்தில் கூப்பிடுவாய் என்று நம்பி எப்படி வருவேன்? பஸ் கிளம்பியது. நான் ஏறவில்லை.

நீ எனக்காக உன் சாமிக்கு முதுகைக் காட்டினாய். நான் ஒரு ஜாடியைத் தாண்ட முடியாமல் நின்றேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தத் தட்டில் என்னென்ன வைத்திருந்தாய்? எதையும் விடாமல் எழுது.

உன்
ஜுவெனல்

*

மரகோஜிபே,
11 நவம்பர் 1979

என் ஜுவெனலுக்கு,

நீ எந்தப் பேரைச் சொல்லிக் கும்பிடுகிறாயோ அந்தப் பேர் உன்னைக் காக்கட்டும். நான் சுகம்.

உன் கடிதம் வந்த அன்றே ஜாடியை ஃபிலோ வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “எனக்கு எதுக்குடி இவ்வளவு?” என்றாள். காரணம் சொல்லவில்லை. “குடிக்கிறதுன்னா குடி, இல்லேன்னா செடிக்கு ஊத்து. என் வீட்டுக்குள்ள மட்டும் இனிமே கொண்டு வராத” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இனி விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கரும்புச் சாறும் எலுமிச்சைத் தண்ணீரும்தான். போன வாரம் ஆரெலினோவின் அப்பா வந்து மேசையைப் பார்த்துவிட்டு, “என்ன ஜசீரா, யாராவது செத்துட்டாங்களா?” என்றார். “இல்ல, ஒருத்தன் பொழச்சிருக்கான்” என்றேன்.

அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டாய். அது ஆறிப்போன கதை, அதை எதற்கு எழுத வேண்டும்? இன்று வெறும் ஞாயிற்றுக்கிழமை. எந்தச் சாமிக்கும் இன்று நாள் இல்லை. சந்தையில் பிஞ்சு வெண்டைக்காய் வந்திருந்தது, வாங்கி வந்து சமைத்தேன். மெழுகுவத்தி ஏற்றவில்லை, படைக்கவில்லை. கொதிக்கும்போதே கரண்டியில் எடுத்து ஊதி நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு சிட்டிகை போட்டேன். திரும்பவும் பார்த்தேன். இப்படித் திருட்டுப் பூனை மாதிரி ருசி பார்த்துக்கொண்டே சமைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, ஜுவெனல். எனக்கு இது தெரியாமலே போயிற்று.

இப்போது உனக்குப் போடுகிறேன். பெரிய தட்டு, ஓரத்தில் நீலக் கோடு போட்டது. நடுவில் வெள்ளைச் சோறு. அதன் மேல் சாய்ந்தபடி கருரு, விதை எல்லாம் சிவந்து. இந்தப் பக்கம் ரொட்டியும் முந்திரியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டின வட்டாபா, கட்டியில்லாமல் வந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தட்டைப்பயறு, புகையிலை வாசம் இல்லை. கோழித் தொடை ஒன்று, நீ எலும்பைக் கடிப்பாய் என்று பெரியதாகவே எடுத்தேன். செம்பனை எண்ணெயில் வறுத்த மரவள்ளி மாவு, கை நிறைய. பொரித்த வாழைக்காய் இரண்டு துண்டு, இல்லை, மூன்று. அவித்த முட்டை பாதி. ஓரத்தில் தேங்காய்ச் சில்லு, சோளப்பொரி, ஒரு துண்டு வெல்லம்.

மேசையில் வேறொன்றும் இல்லை. தண்ணீர்ச் செம்பு மட்டும் இருக்கிறது. வாசல் திறந்திருக்கிறது.

உட்கார். எழுதிக்கொண்டே இருந்தால் ஆறிவிடும். சாப்பிடு.

ஜசீரா